கால்வாய் தாண்டினால் வலப்பக்கம்

1928-ல் கேப்டன் ஸ்டூவர்ட் டவுன்செண்ட் ‘ஆர்டிஃபிசர்’ என்ற நிலக்கரிக் கப்பலை வாடகைக்குப் பிடித்து, ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளிலுள்ள இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேவுக்கும் இடையே கார்களை ஏற்றிப் போகத் தொடங்கினார். ஒவ்வொரு காரையும் கிரேனில் கட்டித் தூக்கித்தான் கப்பலில் இறக்கினார்கள். ரயில்வே கம்பெனிக் கப்பல்களிலோ, தீப்பிடிக்கும் என்ற அச்சத்தில் பெட்ரோல் டாங்கைக் காலி செய்யச் சொன்னார்கள். பிரான்ஸ் கரையில் இறங்கியதும் முதல் வேலை பெட்ரோல் தேடுவதுதான்.

ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயரின் தயாரிப்பு துறைமுகத்துக்கு வருமுன்பே பாதி முடிந்திருக்கும். ‘கார்னே’ என்றொரு சுங்கக் கையேடு வேண்டும். ‘இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்க மாட்டேன், ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்விடுவேன்’ என்பதற்கான உறுதி அது. ஆட்டோமொபைல் அசோசியேஷன் போன்ற சங்கம் பிணை நிற்கும். எல்லைக்கு எல்லை, உள்ளே போக ஒரு முத்திரை, வெளியே வர ஒரு முத்திரை. வெளியேறிய முத்திரை விடுபட்டால் வண்டிக்கு முழுச் சுங்க வரியும் கேட்பார்கள். மேற்கு ஐரோப்பாவில் இந்த ஏற்பாடு இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெல்ல மறைந்துவிட்டது. இந்தியாவுக்குள் சாலை வழியே வெளிநாட்டு வண்டியை ஓட்டி வருபவர்களுக்கு இன்றும் அது தேவைப்படுகிறது. கார்னேயுடன், 1926 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி வந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி. வண்டியின் பின்புறம் ‘ஜிபி’ என்ற எழுத்துத் தகடு. கூடவே, சங்கம் அந்தப் பயணத்துக்கென்றே தாள் தாளாகக் கோத்துத் தந்த வழிப் புத்தகம். எந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை வீட்டு மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

1953-ல் டோவரின் கிழக்குத் துறையில் கார்கள் தாமே உருண்டு கப்பலேறும் தளம் வந்தது. கிரேனுக்கு வேலை போயிற்று. பிரான்சில் ஹெட்லைட் மஞ்சளாகத்தான் எரிய வேண்டும் என்ற விதி மட்டும் 1993 வரை தாக்குப்பிடித்தது. பிரிட்டிஷ்காரர்கள் பலர் விளக்குக் கண்ணாடியில் மஞ்சள் பூசிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே கடலடிச் சுரங்கம் திறந்தது. காரிலிருந்து இறங்காமல் ரயிலேறி, 35 நிமிடத்தில் கலே.

இன்றைய பட்டியல் சிறியது. கெடு தீராத பிரிட்டிஷ் அட்டை லைசென்ஸ் இருந்தால் பிரான்சில் சர்வதேச அனுமதி வேண்டாம். காப்பீட்டுப் பச்சை அட்டையும் 2021 ஆகஸ்டிலிருந்து வேண்டாம். அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஜிபி’ போய் ‘யுகே’ வந்தது. பழைய ஸ்டிக்கரோடு போகக் கூடாது. ஒளிரும் மேற்சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் கட்டாயம். சட்டை டிக்கியில் இருந்தால் பயனில்லை. இருக்கையிலிருந்து இறங்காமலே கைக்கெட்ட வேண்டும். மூச்சுச் சோதனைக் கருவி வைத்திருக்க வேண்டும் என்று 2012-ல் சொன்னார்கள். 2020-ல் அந்த விதியை எடுத்தேவிட்டார்கள். ஆனாலும் பலர் இன்னும் வாங்கி வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். பழைய அறிவுரைகளை நம்பித் தயாராவதில் உள்ள ஆபத்து இதுதான்.

தயாரிப்பு குறைந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். என் கணிப்பில் அது கூடியிருக்கிறது. முன்பு ஒரு குறை இருந்தால் எல்லையிலேயே நிறுத்தி ஒருவர் சொல்லிவிடுவார். இன்று வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தவறு நடந்து நாள் கழித்துத்தான் தெரிகிறது. பாரிசிலிருந்து நார்மண்டி போகும் ஏ13 நெடுஞ்சாலையில் 2024 முதல் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் நாமாகத் தேடிப்போய்க் கட்ட வேண்டும், தவறினால் அபராதம். பாரிஸ் வட்டச் சாலையின் வேக வரம்பு 2024 அக்டோபரில் மணிக்கு 50 கி.மீ. ஆனது. நெடுஞ்சாலையின் 130 மழை பெய்தால் 110. வேகக் கேமரா இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி பிரான்சில் குற்றம். வழிகாட்டிச் செயலியில் அந்த வசதியைப் புறப்படுமுன்பே அணைத்துவிட வேண்டும். வாடகை வண்டியென்றால் அபராதத் தாள் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். நம் முகவரியைக் கொடுத்ததற்கு அவர்களும் தனியே கட்டணம் பிடிப்பார்கள்.

கிரேன் காலத்திலிருந்து இன்றுவரை மாறாதது ஒன்று உண்டு: உடம்பின் பழக்கம். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் கலேயில் இறங்கிய முதல் மணி நேரம் தப்பு செய்வதில்லை. சுற்றிலும் வண்டிகள், கண் விழிப்பாக இருக்கும். மறுநாள் காலை, ஆளில்லாத கிராமத்துப் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை தானாக இடப்பக்கம் திருப்பும். பின்தொடர முன்னால் ஒரு வண்டியும் இருக்காது. அப்போது பக்கத்து இருக்கைக்காரர் ‘வலப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொந்த வண்டியின் ஸ்டியரிங் வலப்புறம் இருந்தால் முந்திச் செல்லும்போதும் முன்னால் வருவதைப் பார்த்துச் சொல்வது அவர்தான். சுங்கச்சாவடி இன்னும் உள்ள சாலைகளில் பணம் நீட்டுவதும் அவர்தான். ஓட்டுநரைத் தயார் செய்கிற அளவுக்கு அவரையும் தயார் செய்ய வேண்டும். அவரைத் தூங்கவிட்டு ஓட்டுவது எனக்குப் பெரிய தவறாகவே படுகிறது. இன்னொன்று, தனிப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறச் சின்னத் தெருவிலிருந்து வருபவருக்கே பிரான்சில் முன்னுரிமை. நாம் பெரிய தெருவில் போகிறோம் என்பது கணக்கிலில்லை.

லண்டன் தமிழர்கள் நிறையப் பேர் கோடை முடிவில் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேருக்குக் காரில் போகிறார்கள். வேலை முடித்த இரவே கிளம்பி, பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்க, விடியலில் கோயில் இருக்கும் லா சப்பல் தெருக்களுக்குள் நுழைவது வழக்கமாகிவிட்டது. அயர்ந்த கண், குறுகிய தெரு, வலப்புற முன்னுரிமை, தேருக்காக அடைத்த பாதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் அது. வழியில் ஓரிரவு தங்குங்கள். நகரின் விளிம்பில் வண்டியை விட்டுவிட்டு மெட்ரோ ஏறுங்கள். இரண்டாம் தடத்தில் லா சப்பல் என்றே ஒரு நிலையம் இருக்கிறது, அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.