ஈட்டர் திட்ட மேலாண்மை மதிப்பீடு (2013)

ஈட்டர் மேலாண்மை மதிப்பீடு (2013) என்பது, தெற்குப் பிரான்சின் கடராச் பகுதியில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலையின் நிர்வாகத்தைப் பற்றி வெளி வல்லுநர் குழு நடத்திய ஆய்வாகும். இதற்கு அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் மாடியா தலைமை வகித்தார். 2014இல் இதன் சுருக்கம் பத்திரிகை வழியே வெளியே தெரியவந்தது.

பின்னணி

கதிரவனில் நிகழும் அணுக்கரு இணைவைப் போன்ற வினையைப் பூமியில் நிகழ்த்தி ஆற்றல் பெற முடியுமா என்பதை ஆராய்வதே ஈட்டரின் நோக்கம். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, சப்பான், தென்கொரியா, உருசியா, அமெரிக்கா ஆகிய ஏழு உறுப்பினர்களும் 2006 நவம்பரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கட்டுமானச் செலவில் ஐரோப்பாவின் பங்கு சுமார் 45 விழுக்காடு; மற்ற ஆறு பேருக்கும் தலா 9 விழுக்காடு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிர்வாகத்தைத் தனி மதிப்பீட்டாளர் ஆராய வேண்டும் என்பதும் ஒப்பந்த விதி.

சிக்கலின் வேர்

உறுப்பினர்கள் தம் பங்கைப் பெரும்பாலும் பணமாக அல்லாமல் உலையின் பாகங்களாகவே தருகின்றனர். சான்றாக, உலையைச் சூழும் குளிர்கலனை இந்தியா வழங்கியது. அதன் பகுதிகள் குசராத்தின் அசீராவில் உருவாயின. ஒவ்வோர் உறுப்பினரின் உள்நாட்டு முகமையும் தன் அரசின் நிதியில் தானே தொழிற்சாலைகளுடன் ஒப்பந்தம் செய்கிறது. மைய அமைப்பு வடிவமைப்பில் ஒரு மாற்றம் கேட்டால், அதன் செலவு முகமையின் தலையில் விழும். பொறுப்பு ஓரிடத்திலும் பணப்பை வேறிடத்திலும் இருந்ததால் முடிவுகள் இழுபட்டன.

பரிந்துரைகள்

குழு 11 பரிந்துரைகளை அளித்தது. அவற்றுள் சில:

• தலைமை இயக்குநர் மாற்றத்தை விரைவுபடுத்துதல்
• உயர்நிலை மேலாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்தல்
• நடைமுறைக்கு ஒத்த கால அட்டவணை வகுத்தல்
• மைய அமைப்பு, உள்நாட்டு முகமைகள் ஆகியவற்றின் நலன்களை ஒருமுகப்படுத்துதல்
• அணுசக்திப் பணிக்குரிய பாதுகாப்புப் பண்பாட்டை வளர்த்தல்

விளைவுகள்

2015 மார்ச்சில் பிரான்சின் பெர்னார் பிகோ தலைமை இயக்குநரானார். முகமைத் தலைவர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் செயற்குழுவும், வடிவமைப்பு மாற்றச் செலவை ஏற்கும் இருப்பு நிதியும் உருவாயின. 2025 திசம்பரில் முதல் பிளாசுமா என்ற இலக்கு 2016இல் வகுக்கப்பட்டது.

அந்த இலக்கு நிறைவேறவில்லை. கொரோனாக் காலத் தடைகளுடன், வெற்றிடக் கலனின் இணைப்பு விளிம்புகளில் அளவுப் பிழைகளும், வெப்பக் கவசத்தின் குளிர்விப்புக் குழாய்களில் விரிசல்களும் கண்டறியப்பட்டன. 2024இல் வெளியான புதிய திட்டப்படி ஆய்வுப் பணி 2034இலும், தியூட்டிரியம்–திரித்தியம் எரிபொருளுடனான இயக்கம் 2039இலும் தொடங்க வேண்டும்.

மதிப்பீட்டின் பயனும் எல்லையும் இதில் விளங்குகின்றன. யார் முடிவெடுப்பது, யார் செலவை ஏற்பது என்ற குழப்பத்தை அது குறைத்தது. ஆனால் தொழிற்சாலையில் நேரும் பிழையை நிர்வாகச் சீர்திருத்தம் மட்டும் தடுத்துவிடாது. பொதுப்பணத்தில் நடக்கும் இத்தகைய ஆய்வை மதிப்பிடும்போது, தாமதம் எவ்வளவு என்பதோடு, அது நிர்வாகத்தால் வந்ததா, தொழில்நுட்பத்தால் வந்ததா என்பதையும் பிரித்தறிய வேண்டும்.