கரியின் கணக்கைக் கேட்போம்!

"கரியமிலவாயு பெருகுகிறதா? எரிமலை கக்குகிறது, கடல் விடுகிறது. இயற்கையின் போக்கு அது. மனிதன் என்ன செய்வான்?" இப்படிப் பேசுவோர் இன்றும் உண்டு. விதியின் தலையில் பழியைப் போட்டுப் பழகிய வாய், இன்று இயற்கையின் தலையில் போடுகிறது. நாம் கணக்கைப் பார்ப்போம்.

கரி அழிவதில்லை, இடம் மாறுகிறது. காற்றிலுள்ள கரியை இலை இழுக்கிறது. பயிர் சோறாகி நம் உடலில் சேர்கிறது. மூச்சாகி மீண்டும் காற்றுக்குப் போகிறது. கடலும் வாங்குகிறது, விடுகிறது. வரவும் செலவும் ஏறத்தாழச் சரி.

மண்ணுக்குள் புதைந்த கரி வேறு. அது கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த இருப்பு. ஐரோப்பிய நிலக்கரியில் பெரும்பகுதி சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த சதுப்புக் காடுகள். நீராவி இயந்திரம் வந்தது முதல் அந்த இருப்பை அள்ளி அள்ளி எரித்தார்கள்.

விளைவு? ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளந்தபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமிலவாயு. 2024-இல் அது 420-ஐத் தாண்டியது. அந்த வாயு பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

எரிமலையா காரணம்? எல்லா எரிமலைகளும் ஓராண்டில் விடுவது, மனிதன் எரித்து விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! கடலா? கடல் கொடுக்கவில்லை, வாங்குகிறது. நாம் விடுவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை விழுங்கி, அதன் நீரில் அமிலத்தன்மை ஏறுகிறது. சிப்பிக்கு ஓடு கட்டுவதே பெரும்பாடு.

கரியே சாட்சி சொல்கிறது. செடியில் கார்பன்-14 சிறிதளவு உண்டு. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். நெடுங்காலம் புதைந்த நிலக்கரியில் அது இல்லை. ஆலைப்புகை கலந்த காற்றில் அதன் விகிதம் குறைந்ததை, மரத்தைச் சோதித்து 1955-இல் காட்டினார் ஹான்ஸ் சூஸ்.

ஆக, இது விதியல்ல, மனிதன் கை. எந்த மனிதன்? சுரங்கத்தில் இறங்கியவனா? அவன் வெட்டியது கூலிக்கு. லாபம் கண்டவன் வேறு. வெயிலில் கல் சுமப்பவனும் உப்பளத்தில் நிற்பவனுமே சூட்டை முதலில் தாங்குகிறார்கள். எரிப்பது குறையத்தான் வேண்டும். ஆனால் சுரங்கத் தொழிலாளியின் அடுப்பை அணைத்து அல்ல. மாற்று வேலை முதலில், பூட்டு பிறகு!

மனிதன் கையால் வந்ததை மனிதன் கையால் நிறுத்தலாம். தோழர்களே, கணக்கைக் கேளுங்கள்!