ஆட்டோவின் மேல் ஒரு வீடு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ளது வல்லம் வடகால். மோட்டார் சைக்கிள் ஆலை இயங்கும் ஊர். அங்கே சாலையோரம் நிற்கும் லாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? இருக்கைக்குப் பின்னாலுள்ள பலகையில் ஓட்டுநர் கால்நீட்டிப் படுத்திருப்பார். அன்றிரவு வண்டிதான் அவருக்கு வீடு. இத்தகைய நடமாடும் வீடு ஒன்றை நாமே குறைந்த செலவில் அமைக்க முடியுமா?

முடியும் என்று காட்டினார் நாமக்கல்லைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு. 2019-இல் சென்னையில் ஒரு பழைய ஆட்டோவின் மேல், 36 சதுர அடியில், சுமார் ஒரு லட்ச ரூபாய் செலவில் அவர் ஒரு வீட்டை உருவாக்கினார். பழைய உலோகப் பொருள்களையும் பயன்படுத்திக்கொண்டார். சமையலிடம், படுக்கை, கழிவறை, 600 வாட் சூரிய மின்தகடு, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் உண்டு.

இதைப் படித்ததும் நாமும் கட்டலாமே என்று தோன்றும். அதற்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். எனவே 250 லிட்டர் என்பது 250 கிலோ. பயணிகள் ஆட்டோ மூன்று பயணிகளுக்காக அமைந்தது. ஆளுக்கு 65 கிலோ என்றாலும் மொத்தம் 195 கிலோதான். ஆக, தொட்டி நிரம்பினால் தண்ணீரே பயணிகளைவிடக் கனமாகிவிடுகிறது! ஆகவே வண்டி நிற்குமிடத்தில் தொட்டியை நிரப்புங்கள். ஓடும்போது இருபது லிட்டர் போதும்.

எடை எவ்வளவு என்பதுடன், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆட்டோவின் மூன்று சக்கரங்களும் தரையில் ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. முன்புறம் செல்லச்செல்ல அது குறுகுகிறது. வண்டி திரும்பும்போது புவியீர்ப்பு மையம் உயரத்தில் இருந்தால், முக்கோணத்தின் பக்கக் கோட்டைத் தாண்டி வண்டி எளிதில் கவிழும்.

எடுத்துக்காட்டாக, மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு 40 செ.மீ. தூரம் என்று கொள்வோம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில், மையம் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் மணிக்கு சுமார் 29 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கவிழும் நிலையை அடையும். உயரம் ஒரு மீட்டரானால் 22 கிலோமீட்டரிலேயே அந்த நிலை வந்துவிடும். சாதாரண வேகமே ஆபத்தாகிவிடுகிறது. எனவே பாட்டரி, அடுப்பு, தண்ணீர் ஆகிய கனமான பொருள்களைத் தரைமட்டத்தில், பின்சக்கரங்களுக்கு அருகில் வையுங்கள். ஆனால் மிகப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், திருப்ப முடியாது.

இனி சுவரைப் பார்ப்போம். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 12 மி.மீ. பிளைவுட் பலகை ஏறக்குறைய 20 கிலோ. அதற்குப் பதிலாக 3 மி.மீ. பலகைகள் இரண்டின் நடுவே 25 மி.மீ. தெர்மோகோலை ஒட்டினால் சுமார் 12 கிலோதான். வலிமை குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பாருங்கள். இரு காகிதங்களுக்கு நடுவே நெளிந்த தாள் இருக்கும். காகிதங்களை விலக்கி வைப்பதாலேயே அட்டை வளையாமல் நிற்கிறது. அதே தத்துவத்தால் நமது சுவரின் விறைப்பும், கணக்குப்படி, பல மடங்கு கூடுகிறது. தெர்மோகோல் சற்று நெகிழ்வதால் நடைமுறையில் அது ஓரளவு குறையும். வெயிலின் வெப்பத்தையும் இந்தச் சுவர் தடுக்கும். ஆனால் தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே வேண்டாம்.

இன்னொன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கட்டத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

பின் ஒரு தாளை எடுத்து, ஏற்றப்போகும் ஒவ்வொரு பொருளின் எடையையும் உயரத்தையும் எழுதுங்கள். வீட்டைக் கட்டும் வேலையில் செலவில்லாத பகுதி இது ஒன்றுதான். உயிரைக் காப்பதும் இதுவே.