கிணற்று நீரும் குளோரீனும்



விஞ்ஞான பாடத்தில் அமிலம், காரம், பீ.எச். பெறுமானம் என்பவற்றைப் படிக்கிறீர்கள். கணித பாடத்தில் உருளையின் கனவளவைப் படிக்கிறீர்கள். இவை இரண்டும் சந்திக்கும் இடம் உங்கள் வீட்டுக் கிணற்றடி ஆகும். நான் கலைப் பட்டதாரி. இருந்தும் இதை எழுதத் துணிந்ததற்கு எங்கள் வீட்டுக் கிணறே காரணம்.

2010 இல் கிளிநொச்சி மாவட்டத்தில் நாங்கள் மீளக்குடியமர்ந்தபோது கிணறு குப்பையும் கலங்கலுமாகக் கிடந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வைத்து இறைத்த பின் அப்பா குளோரீன் தூளைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டார். மணத்தினால் மூன்று நாட்கள் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்து வளவில், ஒருவரும் துப்புரவு செய்யாத கிணற்றில் அள்ளிக் குடித்தோம். தங்கைக்கு வயிற்றோட்டம் வந்தது. தூள் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று விளங்கியது.

நீரில் நடப்பது என்ன?

வெளிற்றும் தூள் நீரில் கரையும்போது ஐப்போகுளோரசு அமிலம் உண்டாகிறது. கிருமிகளைக் கொல்வது பெரும்பாலும் இதுவே. இவ்வமிலத்தின் ஒரு பகுதி பிரிந்து ஐதரசன் அயனாகவும் ஐப்போகுளோரைற்று அயனாகவும் மாறும். இந்த அயனுக்குக் கிருமி கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. எவ்வளவு அமிலமாக இருக்கும், எவ்வளவு அயனாகும் என்பதைத் தீர்மானிப்பது நீரின் பீ.எச். பெறுமானம். (தூள் கொண்டுவரும் பீ.எச்.ஐ. வேறு, பீ.எச். வேறு. பரீட்சைத் தாளில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.)

பீ.எச். 7.5 அளவில் இரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. 6.5 இல் பத்தில் ஒன்பது பங்கு அமிலமாக இருக்கும். 8.5 இல் பத்தில் ஒரு பங்கே அமிலமாக எஞ்சும். அதாவது ஒரே அளவு தூள், ஒரு கிணற்றில் நன்றாக வேலை செய்யும். கார இயல்பு கூடிய வேறொரு கிணற்றில் மெதுவாகவே வேலை செய்யும்.

வெளிநாடுகளில் வீட்டு முற்றத்தில், தரைக்கு மேலே சிறிய நீச்சல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். அவர்கள் பீ.எச். பெறுமானத்தை 7.2 இற்கும் 7.8 இற்கும் இடையில் பேணுவார்கள். அடிக்கடி தூள் இடுவதால் நீரின் கார இயல்பு ஏறும். அப்போது அளந்து அமிலம் சேர்ப்பார்கள். நாம் குடிக்கும் கிணற்றில் அமிலம் சேர்க்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறோம். பீ.எச். 8 இற்குக் குறைந்த நீரில், குறைந்தது 30 நிமிடத்தின் பின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரீனாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

"எஞ்சியிருக்க" என்ற சொல்லைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். நீங்கள் இடும் குளோரீனில் ஒரு பகுதியை அழுகிய இலை, சேறு, இரும்பு முதலியன உறிஞ்சிவிடும். இதை நீரின் குளோரீன் தேவை என்பர். அது தீர்ந்த பின் மிஞ்சுவதே நம்மைக் காக்கும். ஆகவே கலங்கல் நீரில் தூள் கொட்டுவது வீண். 2018 டிசெம்பர் வெள்ளத்தின் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கிணறுகளை முதலில் இறைத்துச் சேறு அகற்ற வேண்டியிருந்தது இதனாலேயே.

இனிக் கணக்கு

ஒரு வட்டக் கிணற்றின் உள்விட்டம் 2.8 மீற்றர், நீரின் உயரம் 2.5 மீற்றர் என்க. ஆரை 1.4 மீற்றர். கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் நீரின் உயரம் கிடைக்கும்.

கனவளவு = 22/7 × 1.4 × 1.4 × 2.5 = 15.4 கன மீற்றர் = 15 400 லீற்றர்.

லீற்றருக்கு 1 மில்லிகிராம் வீதம் இட வேண்டிய குளோரீன் 15.4 கிராம். புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்கு வரை பயன்படும் குளோரீன் இருக்கும். ஈரமும் வெப்பமும் பட்டால் அது குறைந்துவிடும். நம்மிடம் உள்ள தூளில் 25 பங்கு உண்டு எனக் கொண்டால்,

தூளின் நிறை = 15.4 × 100/25 = 61.6 கிராம்.

அவ்வளவுதான்! அப்பா போட்டது எத்தனை கிலோவோ தெரியாது. வெள்ளத்தின் பின் கிணற்றையே தொற்றுநீக்குவதற்கு இதைப்போல் 20 மடங்கோ அதற்கு மேலோ இடுவதுண்டு. 20 மடங்கென்றால் 1232 கிராம். ஆனால் அந்த நீர் குடிப்பதற்கல்ல. விட்டு வைத்து, மணம் போகும்வரை இறைத்துக் கொட்ட வேண்டும். பலர் இந்த இரண்டு அளவுகளையும் ஒன்றாக நினைப்பதாலேயே குழப்பம். 1000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி என்றால் வெறும் 4 கிராம் போதும். சிறிய கொள்ளளவில் ஒரு கரண்டி கூடினாலும் செறிவு பன்மடங்காகிவிடும்.

தூளைப் பிளாஸ்ரிக் வாளி நீரில் கரைத்து அடைய விடுங்கள். மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். வெயில் குளோரீனைச் சிதைக்கும் என்பதால் மாலையில் இட்டுக் காலையில் அள்ளுவது சிறந்தது. எஞ்சிய அளவை அறிய டீ.பீ.டி. குளிசை உண்டு, நீர் இளஞ்சிவப்பாகும், நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மலசலகூடம் கழுவும் அமிலத்தை இந்தத் தூளுக்குக் கிட்டவும் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிவரும். வரலாறு படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்: 1915 ஏப்ரல் 22 இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜேர்மன் படை போர்க்களத்தில் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான்.

குளோரீனால் முடியாதவையும் உண்டு. 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளில் புகுந்த உப்பை அது நீக்காது. கேத்தலில் வெள்ளையாகப் படியும் வன்மையை நீக்காது. புளோரைட்டையும் நீக்காது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்க்குப் பயந்து வடிகட்டிய நீர் வாங்குபவர்களிடம் குளோரீன் இட்டால் போதும் என்று சொல்லிவிடாதீர்கள்.

பயிற்சி

மேற்கூறிய கிணற்றில் 61.6 கிராம் தூள் இட்டு 30 நிமிடத்தின் பின் சோதித்தபோது லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் குளோரீனே எஞ்சியது. நீரின் குளோரீன் தேவை மாறாதெனக் கொண்டு, 0.5 எஞ்சுவதற்கு மொத்தம் எவ்வளவு தூள் இட்டிருக்க வேண்டும்?

விடை: தேவை = 1 − 0.3 = 0.7. இட வேண்டிய செறிவு = 0.7 + 0.5 = 1.2. தூள் = 61.6 × 1.2 = 73.92, அதாவது ஏறத்தாழ 74 கிராம்.