கணனியின்றி இல்லத்தில் இசை

சனிக்கிழமைக் காலைகளில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே ஒலி கேட்கின்றது. தமிழ்ப் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை பாடப்புத்தகத்தைத் தேட, சமையலறையில் தேநீர் கொதிக்க, கூடத்தின் மூலையில் சிறியதொரு பெட்டி சட்சமும் பஞ்சமமுமாய் ஓய்வின்றி ஒலித்துக்கொண்டிருக்கும். அதுதான் இலத்திரனியற் சுருதிப்பெட்டி. அதற்குத் திரை இல்லை; எழுத்துப் பலகை இல்லை; ஒரு வேலையைத் தவிர வேறொன்றும் அது அறியாது. ஆயினும் அஃதின்றி நம் பிள்ளைகளின் சங்கீத வகுப்பும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை.

இசை படைப்பது என்றதும் இன்றைய சிறாரின் நினைவுக்கு வருவது கணனியே. தாளம், ஒலிப்பதிவு, நூறு வாத்தியங்களின் ஓசை, பிழைதிருத்தம் யாவும் ஒரே திரைக்குள் அடங்கிவிடுகின்றன. அது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. எனினும், கணனியைத் தொடாமல் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு தனிக்கருவியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இசையமைப்போரும் உலகெங்கும் உளர். இவ்வழி நமக்குப் புதியதன்று என்பதையும், நம் பிள்ளைகளின் செவிக்கு அதனால் விளையும் நன்மை யாது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

நாம் வாழும் நாட்டின் பங்கு

கணனியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கணனி இசையின் வரலாற்றில் நாம் வாழும் அவுஸ்திரேலியாவுக்குச் சிறப்பான இடம் உண்டு. 1949ஆம் ஆண்டு சிட்னியில் இயங்கத் தொடங்கிய சிஎஸ்ஐஆர் மார்க் 1 என்னும் கணனியில் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருந்தது. கணக்கு எந்த நிலையில் இருக்கின்றது என்பதை இயக்குநருக்கு ஒலியால் உணர்த்துவதே அதன் வேலை. ஜெஃப் ஹில் என்னும் நிரலாளர் அந்த ஒலிபெருக்கியைக்கொண்டே மெட்டுகளை எழுப்பச் செய்தார். 1951 ஆகஸ்டில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற மாநாட்டில் அது ‘கேணல் போகி’ என்னும் அணிநடை மெட்டை அறிஞர்கள் முன்னிலையில் இசைத்தது. 1955இல் மெல்பேணுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிஎஸ்ஐராக் என்னும் பெயருடன் 1964 வரை உழைத்த அவ்வியந்திரம் இன்றும் அங்கே அருங்காட்சியகப் பொருளாகப் பாதுகாக்கப்படுகின்றது.

அடுத்த பெரும் படியும் சிட்னியிலேயே அமைந்தது. பீற்றர் வோகல், கிம் ரைரி என்னும் இரு இளைஞர்கள் 1975இல் தொடங்கிய ஃபெயர்லைட் நிறுவனம், 1979இல் ஃபெயர்லைட் சிஎம்ஐ என்னும் கருவியை வெளியிட்டது. சிட்னித் துறைமுகத்தில் ஓடிய ஒரு விரைவுப் படகின் பெயரே ஃபெயர்லைட். வெளியுலகின் எந்த ஓசையையும் பதிந்து, அதனை விசைப்பலகையில் சுரங்களாக வாசிக்க வழிசெய்த கருவிகளுள் இது முன்னோடி. ஒரே வேளையில் எட்டுக் குரல்கள். ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் நினைவகம். அதில் அடங்கிய ஓசை ஏறத்தாழ ஒரு விநாடி. விலையோ சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாதது. இன்று அதனினும் பன்மடங்கு ஆற்றலுள்ள பதிவுக் கருவி பள்ளிப் பையில் அடங்கிவிடுகின்றது. ஆகவே கருவி கிடைக்கவில்லை என்னும் குறை நமக்கு இல்லை. எதை வாங்குவது, எந்த ஒழுங்கில் பயில்வது என்பதே கேள்வி.

முதற்பெட்டி சுருதி

சுருதியே தாய், லயமே தந்தை என்பது நம் இசை மரபின் வாக்கு. வீட்டு இசையும் இவ்விரண்டிலிருந்தே தொடங்க வேண்டும். துருத்தியால் காற்றூட்டி இயக்கும் சுருதிப்பெட்டியை நம் பாட்டன்மார் அறிவர். பெங்களூரைச் சேர்ந்த பொறியியலாளரும் புல்லாங்குழற் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் இலத்திரனியற் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனத்தின் தம்புராப் பெட்டிகளும் தாளப் பெட்டிகளும் கடல் கடந்து நம்மிடமும் வந்து சேர்ந்தன. தமிழன் புலம்பெயர்ந்தபோது நான்கடித் தம்புராவை விமானத்தில் ஏற்றுவது எளிதாயிருக்கவில்லை. இச்சிறு பெட்டியோ உடுப்புகளுக்கிடையே பயணம் செய்தது.

இப்பெட்டியைத் திருப்பும்போதே பிள்ளை ஒரு பாடம் கற்கின்றது. ஒரு கட்டை என்பது மேனாட்டு ‘சி’ சுரம். இரண்டு கட்டை ‘டி’. ஐந்து கட்டை ‘ஜி’. தன் குரல் எங்கே தங்கி நிற்கும் என்பதைத் திரையில் தெரியும் எண்ணால் அன்றித் தொண்டையாலும் செவியாலும் கண்டுபிடிக்க வேண்டும். குரல் என்று நம் முன்னோர் பெயரிட்ட சட்சமும், இளி என்று பெயரிட்ட பஞ்சமமும் ஒன்றோடொன்று இழையும் கணத்தைப் பிள்ளையே உணர வேண்டும். இதனை வேறொருவர் செய்துகொடுக்க இயலாது.

இரண்டாம் பெட்டி தாளம்

அடுத்து வருவது தாளக் கருவி. ஆதி, ரூபகம் முதலிய தாளங்களை ஒலிக்கும் இந்தியப் பெட்டிகள் பயிற்சிக்கு ஏற்றவை. ஆயின் பிள்ளை தானே தாளத்தை அமைத்துப் பார்க்க மேனாட்டுத் தாள இயந்திரம் சிறந்தது. 1980இல் வெளிவந்த ரோலண்ட் டிஆர் 808இல் பதினாறு விசைகள் ஒரே வரிசையில் இருந்தன. எந்த விசையை அழுத்துகின்றோமோ அந்த இடத்தில் அடி விழும். இன்றைய சிறு கருவிகள் பலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

இந்தப் பதினாறு, நம் ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களின் இரட்டிப்பு. ஓர் அட்சரத்துக்கு இரண்டு விசை என்று கொண்டால் 1, 9, 13ஆம் விசைகளில் தட்டு விழும். வரிசையின் நீளத்தைப் பதினான்காகக் குறைத்து 1, 7, 11ஆம் விசைகளில் அடி வைத்தால் மிச்ர சாபு பிறக்கும். பத்தாகக் குறைத்து 1, 5ஆம் விசைகளை அழுத்தினால் கண்ட சாபு. ஆதி தாளத்தைத் திச்ர நடையில் அமைக்க 24 இடங்கள் வேண்டும். விரலெண்ணித் தாளம் போடச் சலிப்படையும் பிள்ளையும் விசைகளின் முன் அமர்ந்தால் இக்கணக்கை விளையாட்டாகவே பிடித்துக்கொள்ளும். வாங்குமுன், வரிசையின் நீளத்தை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டறிதல் வேண்டும். பதினாறிலேயே நின்றுவிடும் கருவி நமக்குப் பாதிப் பயனே தரும்.

இராகமும் விசைப்பலகையும்

சுருதியும் தாளமும் பெட்டிக்குள் அடங்கின. இராகம் அடங்குமா? இது பழைய வழக்கு. ஆர்மோனியத்தில் கமகம் வராது, அதன் சுரத்தானங்கள் நம் இசைக்கு இசையா என்னும் கருத்தால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கி வைத்திருந்தது.

இந்த மறுப்பில் உள்ள உண்மையை ஒரு கணக்கால் விளக்கலாம். சட்சம் விநாடிக்கு 240 அதிர்வு எனக் கொள்வோம். தம்புராவோடு இழையும் பஞ்சமம் 360. அந்தர காந்தாரம் 300. பன்னிரண்டு சம கூறுகளாகப் பிரித்த விசைப்பலகையில் பஞ்சமம் ஏறத்தாழ 359.6; அந்தர காந்தாரம் 302.4. பஞ்சமத்தின் வேறுபாட்டைச் செவி பொறுத்துக்கொள்ளும். காந்தாரமோ சுருதிப்பெட்டியின் ஒலியோடு உரசி, விநாடிக்கு இருமுறைக்கு மேல் அலைபோல் ஏறி இறங்கும். சம கூறுகளை ஆதரித்த தமிழறிஞரும் உளர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில், ஒரு தானத்தைச் சம அளவுள்ள கூறுகளாகப் பிரிப்பதே தமிழிசையின் முறை என்று வாதிட்டார். இருதரப்பையும் நம் பிள்ளைகள் செவியால் சோதித்துப் பார்க்கலாம். இக்காலத்து விசைப்பலகைகள் பலவற்றில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி உண்டு. அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, காந்தாரத்தைப் பதினான்கு அலகு இறக்கி, பஞ்சமத்தை இரண்டு அலகு ஏற்றிச் சுருதிப்பெட்டியுடன் ஒலிக்கச் செய்தால் வேறுபாடு விளங்கும்.

கமகத்துக்கும் ஓரளவு வழி உண்டு. மும்பையைச் சேர்ந்த திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை இலத்திரனியற் கருவிகளில் வாசித்து இசைத்தட்டாக்கினார். தாளத்துக்கு டிஆர் 808, அடிநாதத்துக்கு டிபி 303, மேலிசைக்கு ஜுபிடர் 8 என்னும் மூன்று ரோலண்ட் கருவிகளே அவருக்குத் துணை. டிபி 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. அது நம் ஜாரு என்னும் கமகத்தை நினைவூட்டும். அவ்விசைத்தட்டு வெளிவந்தபோது கவனிப்பாரில்லை; 2010இல் மறுபதிப்பாகி உலகெங்கும் புகழ்பெற்றது. ஆனால் தோடியின் காந்தாரத்தை எந்த விசையும் தானாக அசைத்துத் தராது. அது குருவின் வாயிலிருந்து வர வேண்டியது. கருவிக்கு எல்லை உண்டு என்பதைப் பிள்ளை தன் விரலால் அறிவதும் கல்வியே.

பதிவும் இணைப்பும்

மூன்றாவதாக வேண்டுவது பலதடப் பதிவுக் கருவி. 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்னும் பெயரில், சாதாரண ஒலிநாடாவில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் கருவியை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் தம் வீட்டிலேயே அத்தகைய கருவியில் பதிந்த பாடல்கள்தாம் ‘நெப்ராஸ்கா’ என்னும் புகழ்பெற்ற தொகுப்பாயின. இன்று அதே வேலையைச் சிறு நினைவட்டையில் பதியும் கருவிகள் செய்கின்றன. முதற்றடத்தில் சுருதி, இரண்டில் தாளம், மூன்றில் அண்ணனின் மிருதங்கம், நான்கில் தங்கையின் பாட்டு என்று ஒரு குடும்பமே சேர்ந்து இசைக்கலாம்.

தனித்தனிப் பெட்டிகளை ஒரே காலப்பிரமாணத்தில் இயங்கச் செய்வது மிடி என்னும் இணைப்பு முறை. 1983இல் பல நிறுவனங்கள் உடன்பட்டு அமைத்த இம்முறையில், கம்பியின் வழியே ஒலி செல்வதில்லை. எந்தச் சுரத்தை எப்போது எவ்வளவு அழுத்தமாக வாசிப்பது என்னும் கட்டளையே செல்கின்றது. நாற்பது ஆண்டுக்கு முந்திய கருவியும் இன்றைய கருவியும் இதனால் உரையாட முடிகின்றது. கணனிப் பொருள்களுள் இத்தகைய நீண்ட ஆயுள் அரிது.

வாங்குவோருக்கு ஒரு சொல். இந்தியாவிலும் இலங்கையிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட் அளவே ஆதலின், அங்கிருந்து கொண்டுவரும் பெட்டிக்குச் செருகியை மாற்றினால் போதும். அமெரிக்காவிலும் யப்பானிலும் வீட்டு மின்னழுத்தம் குறைவு. அங்கிருந்து வரும் பழைய கருவியை நேரே சுவரில் செருகினால் பழுதாகிவிடும், மின்மாற்றி வேண்டும்.

பெட்டி கற்பிக்கும் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ட ஒரு கலைவிழா நினைவுக்கு வருகின்றது. சிறுவர் சேர்ந்திசைக்கான பின்னணி இசை முழுவதும் ஒரு மடிக்கணனியில் இருந்தது. திரைச்சீலை விலகியது, பிள்ளைகள் பட்டுடுத்தி நின்றனர், கணனியோ தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கி, அணைக்க வேண்டாம் என்று அறிவித்தது. ஐந்து நிமிடம் கழிந்தது. சபையில் சலசலப்பு. அப்போது ஆசிரியை தம் பையிலிருந்து மின்கலத்தில் இயங்கும் சுருதிப்பெட்டியை எடுத்து ஒலிவாங்கியின் முன் வைத்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தனர். பின் கையால் தாளமிட்டுப் பாடினர். நடுவே இரு இடங்களில் தடுமாறினர். ஆயினும் அன்று நாம் கேட்டது அவர்களுடைய சொந்தக் குரல்.

அந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. கணனி நம் பிழையைத் திருத்தித் தருகின்றது. சுருதி விலகினால் இழுத்துச் சேர்க்கின்றது. தாளம் தப்பினால் கோட்டில் நிறுத்துகின்றது. அதனால் பாட்டு ஒழுங்காகின்றது, செவியோ வளர்வதில்லை. ஒரு வேலையை மட்டும் செய்யும் பெட்டியோ மற்ற வேலைகளையெல்லாம் பிள்ளையிடமே விட்டுவிடுகின்றது. நான்கு தடங்களே உள்ளன என்றால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முன்பே எண்ண வேண்டும். திரை இல்லையென்றால் கேட்டே தீர வேண்டும்.

ஆயத்த இசையை ஒலிக்கவிட்டு அதன்மேற் பாடுவதே புலம்பெயர்ந்த நம் விழாக்களில் வழக்கமாகி வருகின்றது. மொழியைப் பேசாமல் கேட்டு மட்டும் வளரும் பிள்ளைக்கு அம்மொழி எவ்வளவு தங்குமோ, இசையும் அவ்வளவே தங்கும். எனவே பெற்றோர் பெருஞ்செலவில் யாவற்றையும் ஒருங்கே வாங்க வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள சுருதிப்பெட்டியிலிருந்து தொடங்குவோம். அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு சிறு தாளக் கருவி, அதற்கடுத்ததற்குப் பதிவுக் கருவி எனச் சேர்ப்போம். வாரம் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குடும்பமாக அமர்வோம். கணனி பின்னர் வரட்டும். செவி பழுத்த பிள்ளையின் கையில் அதுவும் நல்ல வாத்தியமாகும். அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் தாமே அமைத்துப் பதிந்த பின்னணியோடு ஒரு பாட்டாவது மேடையேறினால், அதுவே நமக்குப் பெருமகிழ்ச்சி.