இரும்புத் தொப்பிகள் (பழம்பொருள் பராமரிப்பு – 9)

மங்கலம்பேட்டையை அடுத்த விருத்தாசலத்துக்கு 1751-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையொன்றுக்குத் துணையாக வந்த ராபர்ட் கிளைவ், பிகட் என்னும் மற்றோர் உத்தியோகஸ்தனுடன் திரும்பிச் செல்கையில், பாளையக்காரர் ஆட்களால் வழிமறிக்கப்பட்டு, குதிரையின் வேகம் ஒன்றினாலேயே உயிர் பிழைத்தான் என்பது சரித்திரம். மேல்நாட்டாரைப்போல் அக்காலத்து உடையும் ஆயுதமும் தரித்து அச்சம்பவத்தை நடித்துக் காட்ட இப்பகுதி இளைஞர்கள் விரும்பினால், முதலில் பளபளக்கும் இரும்புத் தொப்பிகளைத் தேடித்தான் புறப்படுவார்கள். நமது சினிமாப் படங்கள் புகட்டியிருக்கும் பாடம் அப்படி. உண்மையில் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய் அந்நாளில் அணிந்தது கம்பளித் தொப்பி. நம்மவர் கட்டியது தலைப்பாகை. மூக்குக்குக் காப்பும் பிடரியில் தொங்கும் சங்கிலி வலையும் கொண்ட எஃகுத் தலைக்கவசம் நம் நாட்டுக் குதிரை வீரர்களிடம் இருந்ததுண்டு. ஆனால் அத்தகைய பொருள்களைக் காப்பாற்றி வைப்பதில் நாம் காட்டிய சிரத்தைக்குத் தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையே சாட்சி. 1855-இல் மராட்டிய ராஜ வம்சத்தின் உரிமை அற்றுப்போன பிறகு, அங்கிருந்த ஆயுதங்களில் சிறந்த சில எழும்பூர் மியூசியத்தை அடைந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று.

இன்று பரண்களிலும் காயலாங்கடைகளிலும் எப்போதாவது அகப்படக்கூடியவை உலக யுத்த காலத்துத் தொப்பிகளே. 1915-இல் பிராடி என்பவர் வகுத்த, கவிழ்த்த தட்டுப்போல அகன்ற விளிம்புடைய பிரிட்டிஷ் தொப்பி அவற்றில் பிரசித்தமானது. வெயிலில் மின்னிப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்காதிருக்கும்பொருட்டு அதன் வர்ணத்தில் மணலையோ மரத்தூளையோ கலந்து பூசினார்கள். வாங்கி வந்தவுடன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறவர், துருவோடு அந்த மணலையும் தேய்த்து எறிந்துவிடுகிறார். அத்துடன், பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கமாதலால், எழும் தூசியைச் சுவாசித்துத் தம் தேகத்தையும் கெடுத்துக்கொள்கிறார்.

எழும்பூர் மியூசியத்தில் 1930-இல் ரஸாயனசாலை ஏற்பட்டு, எஸ். பரமசிவன் போன்ற நிபுணர் அதில் பணியாற்றிய காலந்தொட்டு, பழைய உலோகத்தைப் பளபளப்பாக்குவது வேறு, பாதுகாப்பது வேறு என்ற விவேகம் நம் நாட்டிலும் வேரூன்றியிருக்கிறது. உதிரும் துருவை மட்டும் மெல்லத் தட்டி நீக்கி, ஒட்டி நிற்கும் துருவின்மேல் டானிக் அமிலத்தைத் தடவினால், அது கருமையான படலமாக மாறி இரும்பைக் காக்கும். கடுக்காயின் துவர்ப்பும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இந்தக் கருமை புதியதன்று.

அப்படியானால் மாற்றமே கூடாதா? ராணுவமே மாற்றியிருக்கிறது. முதல் யுத்தத்துத் தொப்பி ஓடுகளை வீசிவிடாமல், அவற்றுக்குப் புது உட்புறமும் புது வாரும் பொருத்தி இரண்டாம் யுத்தத்துக்கு அனுப்பினார்கள். அந்த உட்புறத்தை உச்சியிலுள்ள ஒரே திருகாணி தாங்குகிறது. கழற்றினால் கையோடு வந்துவிடும். யுத்தக் காட்சியில் நடிப்பவரின் தலைக்கு ஏற்றபடி அதை மாற்றி, பழையதைத் துணியில் சுற்றி வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓட்டில் துளையிடுவது, நெளிவை அடித்து நிமிர்த்துவது, இல்லாத படைப்பிரிவின் சின்னத்தை வரைவது ஆகியவற்றைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடிப்புக்கு நகல் போதும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்குப் பிளாஸ்டர் அச்சு எடுக்கும் கைகள் தொப்பிக்கும் எடுக்கும். அசலில் ஈரம் படாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டால் சரி. அவ்வச்சில் காகிதக் கூழை வார்த்துக் காயவைத்து, அதன்மேல் மணல் கலந்த வர்ணத்தைப் பூசினால், பத்தடிக்கு அப்பால் நிற்பவருக்கு வித்தியாசம் தோன்றாது. அடிபட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

வாசகர்களில் எவர் வீட்டுப் பரணிலாவது இத்தகைய தொப்பி கிடக்குமானால், அதை எடைக்குப் போடவேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் தாக்காத இடத்தில் வைத்து, அது யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.