தோளில் விழும் கோடு

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடார் பெண்கள் இனி மேலாடை அணியலாம். கிறிஸ்தவப் பெண்களைப்போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் கூடாது. மார்பை மறைக்கலாம், அவர்களைப்போலத் துணியைத் தோளில் போடக் கூடாது.

உருவம் வரைகிற ஒருவர் இந்த அறிவிப்பைப் படிக்க வேண்டும். துணியின் விளிம்பு தோளைத் தாண்டுகிறதா, அக்குளோடு நின்றுவிடுகிறதா என்பது தாளில் ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்காகத்தான் இன்றைய குமரி மாவட்டத்தின் கல்குளம், இரணியல் பகுதிகளில் 1822 முதல் பெண்கள் பொது இடத்தில் அடிபட்டார்கள். அவர்கள் உடை கிழிக்கப்பட்டது. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. இடையில் 1829-இல் அரசு மேலாடையைத் தடைசெய்து ஆணையும் போட்டது. உடல், பாலினம், சாதி என்று பேசும் இன்றைய உருவ ஓவியத்தை 'இறக்குமதிச் சரக்கு' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. குமரி மாவட்டத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. மனித உடலை எப்படிக் காட்டுவது என்பதற்குச் சட்டம் போட்ட மண் இது.

அந்தக் காலத்து உடல்களை வரைந்தவர்கள் யார்? லண்டன் மிஷன் போதகர் சாமுவேல் மேட்டீர் 1871-லும் 1883-லும் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூல்களில் சாதிவாரியாக மனிதர்களின் படங்கள் உண்டு. மேட்டீர் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றவர். ஆனாலும் அந்தப் படங்களில் இருப்பவர்கள் பெயர் இல்லாதவர்கள்; ஒரு சாதிக்கு மாதிரியாக நிறுத்தப்பட்டவர்கள். அதே திருவிதாங்கூரில் பிறந்த ரவிவர்மா, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணை வரைந்து 1873-இல் பரிசு வாங்கினார். அந்தப் பெண் கண்ணாடி பார்க்கிறாள். தன் அழகு தனக்குத் தெரிந்தவளாக இருக்கிறாள். அறிவிப்பு வந்து பதினான்கே ஆண்டுகள். தோள்சீலைக்காக அடிபட்ட பெண்ணின் முகத்தை அப்படி ஆசையோடு பார்த்து வரைய அன்று ஒரு தூரிகை இல்லை.

ஆனால் கண்ணாடி மட்டும் அவளுக்கும் கிடைத்தது, வேறொரு வழியில். சாமித்தோப்பில் சமூகச் சீர்திருத்தவாதியான அய்யா வைகுண்டர் ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அங்குள்ள அவரது பதியின் கருவறையில் கண்ணாடி இருக்கிறது. கும்பிட வந்தவர் தன் உருவத்தையே அதில் பார்க்கிறார். இந்த மாவட்டத்தில் தோன்றிய மிகப் பெரிய உருவச் சிந்தனை இதுதான் என்பேன். என்னை எப்படிப் பார்ப்பது என்று வேறு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்பதை, ஒரு சொல்கூட இல்லாமல் அது செய்துவிடுகிறது.

இதே துணிச்சலைப் பாலியல் விஷயத்தில் காட்டியவர் பூபேன் கக்கர். பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் வரைந்தவர். 1981-இல் அவர் வரைந்த ஓவியத்தில், ஆடையில்லாத ஒரு மனிதர் பால்கனியில் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். கீழே தெருவில் அப்பாவும் மகனும் கழுதையும் போகும் பழைய கதை நடக்கிறது. யார் என்ன செய்தாலும் ஊர் குறைசொல்லும் கதை. தன்பால் ஈர்ப்பை ஒளித்து வாழ்ந்தவர், நடுவயதில் அந்தப் பால்கனிக்கு வந்து நின்றார். உடலில் வீரமோ கட்டழகோ இல்லை. நம் தெருவில் பார்க்கிற சாதாரண உடம்பு. அந்தச் சாதாரணம்தான் படத்தின் பலம். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவிலிருந்து அத்தகையவர்களை நீதிமன்றம் விடுவிக்க 2018 வரை ஆனது. கக்கர் 2003-இலேயே இறந்துவிட்டார்.

நம் சென்னை ஓவிய இயக்கம் கோட்டில் சாதித்தது ஏராளம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களுக்கு இணை சொல்வது கடினம். ஆனால் அந்தக் கோடு எழுத்துரு, யந்திரம், தெய்வ உருவம் என்று போன அளவுக்குச் சாதி சுமந்த உடல் பக்கமும் ஆசையுள்ள உடல் பக்கமும் போகவில்லை. இது என் வருத்தம். முலைவரியை எதிர்த்து மார்பை அறுத்துக்கொண்டதாகச் சேர்த்தலை மக்கள் சொல்லும் நங்கேலியை, வரலாற்றாய்வாளர்களிடையே வாதம் இருந்தாலும், கேரள ஓவியர் டி. முரளி வரைந்துவிட்டார். தெற்கே தோள்சீலைப் போராட்டத்துக்கோ ஆவணச் சான்றே இருக்கிறது. வரைவதற்கு ஆள் வேண்டும்.

வரைந்தால் வழக்கு வருமே என்று கேட்பார்கள். வரும். அக்பர் பதம்சீ 1954-இலேயே பம்பாயில் ஆபாச வழக்கைச் சந்தித்து விடுதலையானார். எஃப்.என். சூசாவும் பதம்சீயும் படைத்த ஏழு படைப்புகளை 2023-இல் மும்பை சுங்கத்துறை ஆபாசம் என்று பிடித்துவைத்தது. நிர்வாணமெல்லாம் ஆபாசமாகாது என்று 2024 அக்டோபரில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. நாகர்கோவிலுக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. ஆபாசம் என்று வழக்குக்குள்ளான பெருமாள்முருகனின் நாவல் 'மாதொருபாகன்' வெளிவந்தது இங்குள்ள காலச்சுவடு பதிப்பகத்தில். 2016-இல் அந்த நாவலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த அமர்வின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல்தான், 2008-இல் டெல்லியில் எம்.எஃப். ஹுசைனின் ஓவியத்துக்காகவும் தீர்ப்பு எழுதியவர். எழுத்தும் ஓவியமும் ஒரே நீதிபதியிடம் நியாயம் பெற்றன.

உடல்மீது நடந்த வன்முறையை அப்படியே வரைவது எளிது. கிழிந்த துணி, ஓங்கிய கை, கண்ணீர். அதில் அந்தப் பெண் மறுபடியும் அவமானப்படுகிறாள். சந்தைக்குக் கிளம்புமுன் அவளே துணியை எடுத்துத் தோளில் போடுவதை வரைய வேண்டும். அதை அவள் பேத்தியின் பேத்தி வரைந்தால் இன்னும் நல்லது. அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன; குமரியிலிருந்து இரண்டும் வெகுதூரம். 2023 மார்ச்சில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழாவுக்காக இரு மாநில முதலமைச்சர்கள் நாகர்கோவிலில் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். அந்த நினைவின் பெயரால் இங்கே ஓர் ஓவியப் பள்ளியும், உடலை உட்காரவைத்து வரையும் வகுப்பும், அதில் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் இடமும் கேட்பது அதிகமில்லை.